மூன்றாம் வாசகி

பழைய கட்டடத்தின் மாடியறைக்கு ஹெய்டி நியெமி வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஏரிப் பக்கத்து ஜன்னல்கள் கறுத்துவிட்டன. ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் வடகோடியில், கிரேனைட் துறை என்கிற அந்த ஏரிக்கரை ஊரில் பகல் என்று ஒன்று எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். கையிடுக்கில் ஒரு கட்டுத் தாள், இன்னொரு கையில் ஆறிப்போன காப்பி. அவள் பூட்ஸிலிருந்து உருகிய பனி படிக்கட்டு முழுக்கச் சொட்டியிருந்தது. தரை துடைக்கிறவர் பார்த்தால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்.

யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைகள் ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. அறை முழுக்க ஈரக் கம்பளி வாடை. சுவரில் திருகி வைத்திருந்த பென்சில் சீவும் இயந்திரம், கரும்பலகை, மேசைகள் எல்லாம் அவள் அங்கே மாணவியாக உட்கார்ந்த காலத்தில் இருந்தபடியே இருந்தன. ஜன்னலோரம் மட்டும் ஒரு சின்ன மேசை தனியாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு காப்பித் தகர டப்பா.

அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை. அது மூன்றாம் வாசகியின் மேசை.

அந்த ஊருக்கு வாய்த்த ஒரே எழுத்தாளர் சிக்னே ரவுத்தியோ. இதே அறையில் காலமெல்லாம் பாடம் நடத்தியவர். எழுதியது ஒரே ஒரு நாவல், ‘தாழ்ப்பாள்’. மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை, ஏரி உறைந்துவிட்டது, எல்மா என்கிற மனைவி கரையோர வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு புயல் நாளில் கதவு தட்டப்படுகிறது. எல்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று சிக்னே ரவுத்தியோ சாகும்வரை சொல்லவே இல்லை. கேட்டவர்களை முறைத்துப் பார்ப்பாராம்.

அதனால் வருஷாவருஷம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த அத்தியாயத்தை எழுத வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். மிகச் சிறந்த அத்தியாயம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோடை எழுத்துப் பள்ளிக்குப் போகும். எழுதிய பிள்ளைக்கு அங்கே எல்லாம் இலவசம். மதிப்பெண் போடுவதற்கு அந்தக் காலத்திலேயே சிக்னே ஒரு முறை வகுத்திருந்தார். தாளில் பெயர் இருக்காது, எண்தான். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் படித்து, ஆறுக்கு எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முடிந்தது வேலை. ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தால் தாளையும் ஒரு வெற்றுச் சீட்டையும் ஜன்னலோர மேசையில் வைக்க வேண்டும். மூன்றாம் வாசகி படித்துத் தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பதினாறு வயதில் ஹெய்டியும் கதவைத் திறந்தாள். ஒரு ஆசிரியர் அவளுக்கு ஆறு போட்டார், இன்னொருவர் மூன்று. தாள் ஜன்னலோர மேசைக்குப் போனது. அப்போது சிக்னே ரவுத்தியோ ஓய்வு பெற்றிருந்தாலும் மூன்றாம் வாசகியாக இதற்கென்றே வந்துபோவார். நீலக் கோட்டு, பச்சைப் பென்சில், வாயில் எப்போதும் ஓர் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய். ஃபின்லாந்துக்காரர்களின் அந்தக் கறுப்பு மிட்டாயைப் பிறந்ததிலிருந்து தின்று பழகாதவர்களால் விழுங்க முடியாது. பேசும்போது அது பல்லில் இடிபட்டு ‘டிக்’ என்று சத்தம் வரும். தாழ்வாரத்தில் ஹெய்டியை நிறுத்தி, “உனக்குக் காது இல்லம்மா, எழுத்தோட ஓசை உனக்குக் கேக்கல” என்று சொன்னார். தலையைத் தடவினார். ஆறுதலுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மரியாதைக்காக ஹெய்டி அதைத் தின்றுவைத்தாள்.

அதற்குப் பிறகும் அவள் எழுதாமல் இல்லை. சனி ஞாயிறு எல்லாம் எழுதினாள், கல்யாணமாகி எழுதினாள், விவாகரத்தாகி எழுதினாள். ஒரு வரிகூட எழுந்து நின்றதில்லை. காது இல்லாதவள் வேறு என்ன செய்வாள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, அடுத்தவர் பிள்ளைகளின் எழுத்துக்கு மதிப்பெண் போட வந்தாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு விபரீதமான ஆசை வந்தது. தானும் ஓர் அத்தியாயம் எழுதி, அச்செடுத்து, ஒரு எண்ணைப் போட்டு, பிள்ளைகளின் கட்டுக்குள் செருகிவிட்டாள். யார் எழுதியது என்று தெரியாமல், முகத்துக்கு அஞ்சாமல், ஒரே ஒரு ஆள் படித்து ஓர் எண் சொன்னால் போதும். ஆசிரியர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் தோன்றாது.

படித்த ஆள் லைல் ஹாகன். அடுத்த வகுப்பின் ஆங்கில ஆசிரியர், ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளர், வாயில் எதுவும் தங்காது. பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்து, தன் சீட்டுகளையெல்லாம் டப்பாவில் போட்டுவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார்.

“ஹெய்டி, விதியை மீறி ஒண்ணு சொல்லட்டுமா?”

“நீ என்னைக்கு விதியை மதிச்சே?”

“கட்டுல ஒரு தாள் இருக்கு. ஒரு தப்பு கிடையாது, ஒரு அடித்தல் கிடையாது. எந்த அம்மாவோ உக்காந்து பிள்ளைக்கு எழுதிக் குடுத்திருக்கா. படிக்கப் படிக்கக் கொட்டாவியா வந்துச்சு. பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி. ரெண்டு போட்டேன்.”

ஹெய்டி காப்பியைக் குடித்தாள். 

“எந்த வீட்டம்மான்னு கண்டுபிடிச்சுக் கேக்கணும்” என்றார் லைல்.

“விட்டுத் தொலை. பாவம், யாரோ.”

“என்ன பாவம்? இந்தப் பக்கம் அந்தக் கூத்து, அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு பாரு. நீ படிச்சிருப்பே. படிச்சு முடிச்சிட்டு எழுந்து போய் அடுப்பைப் பாத்துட்டு வந்தேன், என் வீட்ல. அடுப்புல ஒண்ணுமே இல்ல! பொண்டாட்டி சிரிக்கிறா.”

எந்தத் தாள் என்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை. ஹெய்டி அதை மூன்று தடவை படித்திருந்தாள். எண் எதுவாக இருந்தால் என்ன, அந்த வகுப்பில் அப்படி எழுத ஒருத்தியால்தான் முடியும். ஐவி லபார்ஜ். நெடுஞ்சாலை உணவுக்கடையில் பரிமாறுகிறவளின் மகள். கடைசி வரிசை, எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்.

மற்றப் பிள்ளைகளின் கதவைத் திறந்தால் கரடி இருந்தது, கொலைகாரன் இருந்தான், ஒருவன் கதையில் வேற்றுக்கிரகவாசி ஒருவன் பீட்சாவோடு நின்றான். ஐவியின் எல்மா கதவைத் திறக்கவே இல்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி “யாரு?” என்று கேட்கிறாள். வெளியிலிருந்து கணவனின் குரல், “அடுப்புல காப்பி பொங்குது பாரு” என்கிறது. எல்மா திரும்பி ஓடுகிறாள். காப்பி உண்மையிலேயே பொங்கி வழிந்திருக்கிறது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தால் கதவு தட்டும் சத்தம் நின்றுபோயிருக்கிறது. இரண்டு கோப்பைகளிலும் காப்பி ஊற்றுகிறாள். இரண்டையும் அவளே குடிக்கிறாள்.

அவ்வளவுதான் கதை. முதல் தடவை படித்தபோது ஹெய்டிக்கு அழுகை வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது வயிறு எரிந்தது. நாசூக்காக வேறு பெயர் வைக்க வேண்டாம், அது பொறாமைதான். வாழ்நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் தன்னிடம் பற்றாத நெருப்பு, பேருந்தில் தூங்கி வழிகிற ஒரு சின்னப் பெண்ணிடம் தானாகப் பற்றிக்கொண்டதே என்கிற ஆத்திரம்.

ஐவியின் அந்த ஒரு தாளுக்கு மட்டும் அவள் இன்னும் சீட்டு எழுதவில்லை. ‘பொணத்துக்குப் பவுடர்’ காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. பேனாவை எடுத்தாள். இரண்டு என்று எழுதி, மடித்து, டப்பாவில் போட்டாள்.

சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்த லைல் அந்த இடத்தில் நிமிர்ந்தார். “என்ன ஹெய்டி இது? நான் ஆறு, நீ ரெண்டு. கை தவறிட்டுதா?”

“இல்ல. எனக்குப் புடிக்கல. கதை நகரவே இல்ல. காப்பி போடுறா, குடிக்கிறா.”

“அடப் பாவி, அதுதானே கதையே!”

“உனக்கு ஆறு, எனக்கு ரெண்டு. அதுக்குத்தான் மூணாவது ஆளு.”

“சிக்னே போனதுக்கப்புறம் மூணாவது ஆளு ஈடித்துதான். அவ அரிசோனாவுல வெயில் காய்ஞ்சுக்கிட்டிருக்கா, பனி உருகினாத்தான் வருவா.” லைல் கோட்டை மாட்டிக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை அனுப்பணும். திங்கக்கிழமை வேற யாரையாவது பிடிக்கலாம். அந்த மேசையில வச்சிட்டு வா. நான் போகலேன்னா ஹாக்கித் திடல்ல பசங்க மண்டையை உடைச்சுக்குவாங்க.”

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஹெய்டி பழக்கதோஷத்தில் ஐவியின் தாளை ஜன்னலோர மேசையில் வைத்தாள். அதன்மேல் ஒரு வெற்றுச் சீட்டை வைத்தாள். வெளியே ஏரி தெரியவில்லை. பனிக்கட்டி எங்கோ விரிசல் விட்டு, நீளமாக முனகியது.

முதலில் தன் தாளைக் கட்டிலிருந்து உருவி நாலாகக் கிழித்தாள். பிறகு குப்பைக்கூடையைத் தேடிக் குனிந்தாள்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

கரகர. கரகர.

பென்சில் சீவும் இயந்திரத்தின் கைப்பிடியை யாரோ நிதானமாகச் சுற்றுகிறார்கள்.

ஹெய்டி நிமிரவில்லை. ஹீட்டர் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பழைய கட்டடம், எதுவும் சத்தம் போடும். சத்தம் நின்றது. ஈரக் கம்பளி வாடைக்குள்ளிருந்து வேறொரு வாடை கிளம்பியது. உப்பும் தாரும் கலந்த, மருந்து மாதிரியான வாடை. அந்த வாடை அவள் நாக்கிலேயே இருந்தது, பதினாறு வயதில் இருந்தபடியே.

டிக்.

கோட்டை எடுக்காமல் ஓடினாள். கார் வரைக்கும் போன பிறகுதான் குளிர் உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் லைல் அவளுக்கு முன்பே அந்த அறையில் நின்றிருந்தார். கையில் ஒரு சீட்டு. முகம் தொங்கிப்போயிருந்தது.

“யாருகிட்டக் குடுத்தே?”

“எதை?”

“மூணாவது வாசிப்புக்கு. யாரோ படிச்சிருக்காங்களே. இதோ பாரு, ரெண்டு.”

சீட்டில் பச்சைப் பென்சிலால் எழுதிய ஒரு 2. சீவிய முனை காகிதத்தைக் கீறியிருந்தது. ஹெய்டி சுவரைப் பார்த்தாள். பென்சில் சீவும் இயந்திரத்துக்குக் கீழே, தரையில், பச்சை விளிம்போடு சுருள் சுருளாய்ச் சீவல் கிடந்தது.

வாயைத் திறந்து ‘நான் யாரிடமும் கொடுக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தில் சொல்லவில்லை என்று அவளே பிறகு நினைத்துக்கொண்டாள். பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு அந்த 2-ஐப் பார்த்ததும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“ரெண்டு பேர் ஒரே பக்கம். சரி, விதி விதிதான்” என்றார் லைல். “அப்போ கரடிக் கதையைத்தான் அனுப்பணும். கரடி! கடைசியில அது எல்மாவைக் கட்டிக்குது. பல்கலைக்கழகத்துல நம்ம ஊரைப் பாத்து வழிச்சுக்கிட்டுச் சிரிக்கட்டும்.”

மதிய வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் ஐவி நின்றாள். தோளில் பை, முழங்கையில் கிழிந்த கம்பளிச் சட்டை.

“நியெமி மிஸ், மார்க் வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“பரவாயில்ல. மார்க்கு எப்படியோ போகட்டும்.” அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். “நீங்க படிச்சீங்கல்ல? அதை எழுதும்போதெல்லாம் நீங்க படிக்கிற மாதிரியே நெனச்சுக்கிட்டு எழுதினேன். மத்தவங்களுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும்னு தெரியும்.”

ஹெய்டி குனிந்துகொண்டாள். மேசையில் இல்லாத எதையோ தேடினாள்.

“இன்னைக்கு அம்மாவுக்கு வேலை முடிய நேரமாகும். ரோடெல்லாம் பனி. நான் மாடித் தாழ்வாரத்துல உக்காந்திருக்கட்டுமா?”

“இரு. நானே கொண்டுபோய் விடுறேன்” என்றாள் ஹெய்டி. அந்த அளவுக்காவது மனசாட்சி இருந்தது.

மாடியறையில் அவளுக்கு இரண்டே வேலைதான் மிச்சம். கரடிக் கதையை உறையில் போட்டு ஒட்ட வேண்டும், ஐவியின் தாளைத் திருப்பித் தரும் கட்டில் சேர்க்க வேண்டும். ஜன்னல் கறுத்துக்கொண்டு வந்தது. ஐவியின் தாளை எடுத்தவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ‘இரண்டையும் அவளே குடித்தாள்’ என்ற வரியின் கீழ் பச்சைக் கோடு. ஓரத்தில், அதே பென்சிலில் சாய்வான எழுத்து:

‘இந்தப் பெண்ணுக்குக் காது இல்லை.’

ஹெய்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஊரிலேயே மிக நல்ல காது உள்ள பெண்ணைப் பற்றி எழுதிய வரி அது. தன்னைப் பற்றிச் சொன்னதும் அதே வரிதான்.

அப்படியானால்?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 

டிக்.

ஜன்னலோர மேசையிலிருந்து வந்தது. அங்கே இருட்டு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு.

“நல்லா மார்க் போட்டே” என்றது ஒரு குரல். ரகசியம் பேசும் குரல். “ரெண்டு. நானும் அதேதான் போட்டேன்.”

ஹெய்டி ஐவியின் தாளை மடியோடு இறுக்கிப் பிடித்தாள். 

“பதினாறு வயசுல நீ எழுதினதும் நல்லாத்தான் இருந்துச்சு. இவளோடதைவிட நல்லா இருந்துச்சு. ஞாபகம் இருக்கா உனக்கு?” டிக். “‘தாழ்ப்பாள் சுட்டது. அந்தப் பக்கமும் ஒரு கை அவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.’”

ஹெய்டிக்கு அந்த வரி மறந்தே போயிருந்தது. இப்போது கேட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது அவள் எழுதியது. பதினாறு வயதில், அடுக்களை மேசையில், நாய் காலடியில் படுத்திருக்க, ஒரே மூச்சில் எழுதியது.

“ஏன்?” என்றாள்.

“என்னால அந்தக் கதவைத் திறக்க முடியல. எத்தனையோ வருஷம் அந்தப் பக்கம் யாருன்னு தெரியாம உக்காந்திருந்தேன். கரடி வந்துச்சு, திருடன் வந்தான், எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீ வந்தே. சின்னக் கழுதை, ஒரே வரியில திறந்துட்டே. என் கதவு அது. என் வயிறு எரியாதா?” டிக். “உனக்கும் எரியுதில்ல?”

“எரியுது” என்றாள் ஹெய்டி. பொய் சொல்லத் தோன்றவில்லை.

“அப்போ பேசாம இரு. அவ்வளவுதான் உன் வேலை. மீதியை நான் பாத்துக்குவேன்.”

உடனே எழுந்து நியாயம் செய்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் எழவில்லை. ஐவியின் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை இவள் மட்டும் வைத்திருப்பானேன் என்று தோன்றியது. இவளும் சனி ஞாயிறு எல்லாம் உட்கார்ந்து எழுதட்டும், இவளும் தன்னைக் காது இல்லாதவள் என்று நம்பட்டும். இப்படியெல்லாம் நினைத்தாள், ஒன்றுவிடாமல் நினைத்தாள். ஜன்னலில் கடைசி வெளிச்சமும் போனது. ஹீட்டரின் மேல் கையுறைகள் காய்ந்து விறைத்துவிட்டன.

எப்போதோ ஒரு கட்டத்தில் ‘டிக்’ சத்தம் நகர்ந்தது. மேசையை விட்டு, வரிசைகளுக்கு நடுவே, அவள் முதுகுப் பக்கமாகக் கடந்து கதவுப் பக்கம் போனது. கதவு திறந்த சத்தமே இல்லை. பிறகு தாழ்வாரத்தில், தூரத்தில், மெல்லிசாக ஒரு ‘டிக்’. அப்புறம் ஒன்றுமில்லை.

போய்விட்டது என்று ஹெய்டி நினைத்தாள். 

விளக்கைப் போட்டாள். மடியில் இருந்த தாள் கண்ணில் பட்டது. இரண்டு கோப்பை. ‘உங்களுக்குப் புரியும்னு தெரியும்.’ ஓவென்று அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே பச்சைச் சீட்டைக் கிழித்தாள், தன் சீட்டைக் கிழித்தாள், புதிதாக ஒன்றில் ஆறு என்று எழுதினாள். லைலுக்குப் போன் போட்டாள்.

“லைல், என் கை தவறிட்டுது. ஆறு. நானும் ஆறு.”

அந்தப் பக்கம் பசங்கள் கத்துகிற சத்தம். லைல் விசிலை எடுத்துவிட்டுப் பேசினார். “அப்போ மூணாவது ஆளே தேவையில்லையே! விதிப்படி நாம ரெண்டு பேரும் ஒத்துப்போனா முடிஞ்சுது. ஏய், அழறியா என்ன?”

“சளி.”

“கரடியைத் தூக்கிக் குப்பையில போடு. அப்பாடா.”

ஓரத்துப் பச்சை எழுத்தை அழித்துவிட்டு, ஐவியின் அத்தியாயத்தை உறையில் வைத்து ஒட்டினாள். பொறாமை போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது, ஆனால் கை தன் வேலையைச் செய்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

இரும்புக் கைப்பிடி சுட்டது.

தாழ்வாரத்தில் ஹீட்டர் கிடையாது. அந்தப் பக்கத்துச் சுவரே சில்லென்றிருக்கும்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கோட்டு நுனியால் பிடித்துத் திறந்தாள். கதவருகில் யாரும் இல்லை. தாழ்வாரத்தின் மறுகோடியில், ஒற்றை விளக்கின் கீழ், ஐவி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மிஸ். நான் தூங்கியே போயிருப்பேன்.”

காரில் ஏறினார்கள். பனி கண்ணாடியில் மோதி மோதி விழ, வைப்பர் அதைத் தள்ளித் தள்ளி ஓய்ந்தது. நெடுஞ்சாலையில் வேறு வண்டியே இல்லை. ஹெய்டி இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். ஒரு நல்ல வார்த்தை சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று இருந்தது.

“ஐவி, உன்னோடதுதான் போகுது. ரெண்டு ஆறு. இந்த அறையில இப்படி ஒண்ணை நான் படிச்சதே இல்ல.”

ஐவி முகத்தைக் கம்பளிச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு கால்களை உதைத்தாள். “நெசமாவா? மிஸ், நெசமாவா? அம்மா கடையிலயே டான்ஸ் ஆடுவாங்க!”

ஹெய்டிக்கும் சிரிப்பு வந்தது. எரிச்சலோடு வந்த சிரிப்புதான், ஆனாலும் நிஜமானது. “ரொம்ப ஆடாதே. கோடையில அங்க போனதும் புதுசா எழுதச் சொல்லுவாங்க. ஏதாச்சும் யோசிச்சு வச்சிருக்கியா?”

“இருந்துச்சே. காலையில பஸ்ல வரும்போது முழுசா ஓடிக்கிட்டிருந்துச்சு. மத்தியானம்கூட இருந்துச்சு.” ஐவி நெற்றியைச் சுருக்கினாள். “இப்ப என்னன்னே வரல. ஒரு வார்த்தைகூட. வேடிக்கையா இருக்கு, எனக்கு இப்படி ஆனதே இல்ல.”

“தூக்கக் கலக்கமா இருக்கும்.”

“அப்படித்தான் இருக்கும். அந்த அம்மாகிட்டக்கூட அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“எந்த அம்மா?”

“உங்க ரூம்லருந்து வந்தாங்களே, வயசானவங்க, நீலக் கோட்டு. நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க. தலையெல்லாம் தடவிக் குடுத்தாங்க. கைதான் நெருப்பு மாதிரி சுட்டுச்சு.” ஐவி முகத்தைச் சுளித்தாள். “ஒரு மிட்டாய் குடுத்தாங்க, கறுப்பா. சீ, ஒரே உப்பு! துப்பலாம்னு பாத்தா, நகராம என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

தான் தின்ற அந்த மிட்டாய்க்குப் பிறகுதானே ஒரு வரிகூட எழுந்து நிற்கவில்லை? ஹெய்டி பிரேக்கை அழுத்தினாள். வண்டி வழுக்கி, சாலையோரப் பனிக்குவியலில் முட்டி நின்றது.

“துப்பு.”

“மிஸ்?”

“துப்பு ஐவி! இப்பவே துப்பு!”

ஐவி மிரண்டுபோய் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு கறுத்திருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

“அப்பவே முழுங்கிட்டேனே, மிஸ்.”

எஞ்சின் அணைந்திருந்தது. வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டு வந்தது, காருக்குள் இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பின் சீட்டில் ஒரு மிட்டாய் பல்லில் இடிபட்டது.